கோபுரத் திருப்பணியும் பிடியரிசியும்

திருநெல்வேலிச் சீமையிலே மெஞ்ஞானபுரம் தேவாலயம் 1847-ஆம் ஆண்டில் பிரதிஷ்டை செய்யப்பட்டது; ஜான் தாமஸ் ஐயர் எழுப்பிய அதன் 192 அடி உயரக் கோபுரமோ 1868-ஆம் ஆண்டிலேதான் நிறைவெய்தியது. கோபுரத்தை எழுப்புதற்கு வேண்டிய பொறுமை, அதனைக் காப்பதற்கும் வேண்டும்.

பழங்கோபுரங்கள் பழுதுறுவதற்குக் காரணம் யாது? முன்னோர் சுண்ணாம்பும் மணலும் கூட்டி, கடுக்காய் நீரும் கருப்பட்டி நீரும் விட்டரைத்த காரையினால் கட்டினர். அக்காரை சுவரில் ஊறிய ஈரத்தை மீண்டும் வெளிவிடும் இயல்பினது. பறவை எச்சத்தோடு விழுந்த ஆலவித்து வெடிப்பில் வேரூன்றும். அவ்வழியே மழைநீர் புகுந்து, மணி தாங்கும் உத்திரத்தை உளுக்கச் செய்யும். ஊசலாடும் மணியின் அதிர்ச்சி வெடிப்பை விரிக்கும். அதனைச் சிமெண்டு பூசி மறைப்பின், ஈரம் உள்ளே தங்கிச் செங்கல்லை அரித்துவிடும். ஆகவே வேரைக் களைந்து, சுண்ணாம்புக் காரையே இட்டு, உத்திரத்தை மாற்றுதலே தக்க முறை. இதற்குக் கைதேர்ந்த கொத்தரும் பெரும்பொருளும் வேண்டும்.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து வானம் பார்த்த பூமியில் அப்பொருள் எங்ஙனம் சேரும்? தென்னாட்டுச் சபைகள் கண்ட வழி பிடியரிசி. உலையிலிடுமுன் ஒரு பிடியைத் தாய்மார் தனிக்கலத்தில் ஒதுக்குவர். அறுப்பின் பண்டிகையில் ஆடும் கோழியும் காய்கனியும் ஏலத்திற்கு வரும். மழை பொய்த்த ஆண்டில் கலம் குறைந்தே நிறையும், ஆயினும் நிறையும்.

இங்ஙனம் சேர்ந்த பணம் பசியறிந்தோர் கொடுத்த பணம். அதனை மேற்பூச்சிற்கும் வர்ணத்திற்கும் செலவிட்டு, உள்வெடிப்பை விட்டுவைத்தல் தகாது. வரவுசெலவைச் சபைமுன் வாசித்தலும், வேலை தெரிந்தோரைக் கொண்டு கோபுரத்தை முதலிற் சோதித்தலும் இன்றியமையாதன. வெளியூரில் ஊதியம் பெறும் பழைய மாணவர் பொருளோடு இவ்வறிவையும் தம் ஊர்ச் சபைக்கு ஈவாராக.