பாய்ந்து வரும் குண்டும் தாங்கி நிற்கும் சுவரும்

திருத்தணியை அடுத்த அரக்கோணத்தில் 1992 முதல் கடற்படையின் விமானதளம் இயங்கி வருகிறது. அங்கிருந்து எழும் விமானங்களை நம் பகுதி மக்கள் அண்ணாந்து பார்ப்பது வழக்கம். அத்தனை எடையும் வேகமும் கொண்ட ஒன்று கான்கிரீட் சுவரின் மீது மோதினால் சுவர் நிற்குமா என்ற வினா சிறுவர்களுக்கும் எழுவதுண்டு. அணு உலைகளுக்குக் காப்புக் கட்டடம் எழுப்பும் பொறியாளர்களோ இவ்வினாவுக்குக் கணக்கிட்டு விடை காண வேண்டியவர்கள்.

முதலில் வேகத்தின் ஆற்றலை அறிவோம். வேகம் இரு மடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும். இராணுவத் துப்பாக்கியின் 7.62 மில்லிமீட்டர் குண்டு பத்து கிராம் எடைகூட இல்லாதது. ஆனால் வினாடிக்கு ஏறத்தாழ 840 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. ஐம்பது கிலோ சிமெண்ட் மூட்டை ஏறத்தாழ ஏழு மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது உண்டாகும் ஆற்றல் அந்தச் சிறு குண்டில் அடங்கியுள்ளது. அவ்வளவும் விரல் நுனியினும் சிறிய இடத்தில் இறங்குகிறது.

அப்போது சுவரில் நிகழ்வன மூன்று. முன்புறம் நொறுங்கிக் குழி விழுகிறது. பின்னர் குண்டு துளைத்துக்கொண்டு உள்ளே செல்கிறது. மூன்றாவதுதான் பலரும் அறியாதது. மோதலால் எழுந்த அழுத்த அலை சுவரினூடே ஓடி மறுபக்கத்தை எட்டி, அங்கிருந்து இழுவிசையாக மாறித் திரும்புகிறது. கான்கிரீட்டின் இழு வலிமையோ அதன் அழுத்த வலிமையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். ஆகவே குண்டு பாதி வழியில் நின்றுவிட்டாலும், சுவரின் பின்புறம் பிய்ந்து சில்லுகளாகத் தெறிக்கக்கூடும். சுவரை நம்பி அதன் பின்னால் ஒதுங்கியிருப்பவர் குண்டுக்குத் தப்பியும் சில்லுக்குத் தப்பாமல் போகலாம்.

அப்படியானால் வலிமைமிக்க கான்கிரீட் பயனற்றதா? அன்று. நம் வீடுகளுக்குரிய எம்-20 வகைக் கான்கிரீட் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ அழுத்தத்தைத் தாங்கும். தண்ணீரைக் குறைத்து, நுண்ணிய சிலிகாத் தூள் சேர்த்து, இதைப் போல் மூன்று நான்கு மடங்கு வலிமையும் பெறலாம். ஆனால் 1946 இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டு நெடுங்காலம் கையாளப்பட்ட சூத்திரத்தின்படி, வலிமை நான்கு மடங்கானாலும் துளையின் ஆழம் அதிகம் போனால் பாதியாகத்தான் குறையும். பின்புறச் சிதறலைத் தடுக்கப் போதிய கனமும், நெருக்கமாகப் பின்னிய கம்பியும், கலவையோடு கலந்த எஃகு இழைகளும் தேவை. கடினம் குண்டை மழுக்குகிறது. பிணைப்பே சுவரைச் சிதறாமல் காக்கிறது.

மோதும் பொருளின் தன்மையும் கருதத்தக்கது. 1988 ஏப்ரலில் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வுக்கூடத்தார், பாண்டம் என்னும் போர் விமானத்தை மணிக்கு ஏறத்தாழ 775 கிலோமீட்டர் வேகத்தில் 3.66 மீட்டர் கனமுள்ள கான்கிரீட் பாளத்தின் மீது மோதவிட்டனர். விமானம் தூளாயிற்று, அதன் எஞ்சின்கள் பாளத்தில் ஆறு சென்டிமீட்டர் அளவே பதிந்தன. மெல்லிய உடல் நசுங்குவதிலேயே பெரும் ஆற்றல் செலவாகிவிட்டது. எனினும் அச்சோதனை மோதலின் விசையை அளப்பதற்கே நடத்தப்பட்டது. அத்தனை கனமில்லாத எல்லாச் சுவருக்கும் அதைச் சான்றாகக் கொள்வது பொருந்தாது. நம் கூடங்குளத்தில் உலையைச் சுற்றி இரட்டைக் காப்பு அமைந்துள்ளது. உட்சுவர் எஃகுத் தகடு வேய்ந்த முன்னழுத்தக் கான்கிரீட். வெளிச்சுவர் கம்பி பின்னிய கான்கிரீட்.

குண்டே படாமலும் கான்கிரீட் பிளந்த வரலாறு நம் அண்டை மாநிலத்தில் உண்டு. கர்நாடகத்தின் கைகா அணுமின் நிலையத்தில், 1994 மே 13 அன்று, கட்டுமானத்தில் இருந்த முதல் உலையின் உட்கூரைக் குவிமாடத்திலிருந்து நூறு டன்னுக்கும் மேற்பட்ட கான்கிரீட் பிரிந்து விழுந்தது. தொழிலாளர் பலர் காயமுற்றனர். வளைந்த குவிமாடத்துள் கம்பிவடங்களை முறுக்கி இழுத்தபோது, அதன் கனத்தைக் குறுக்கே பிளக்கும் இழுவிசை எழுந்தது. அந்தத் திசையில் பிடித்து நிறுத்தக் கம்பி இல்லை. பின்னர் எம்-60 கான்கிரீட்டைக் கையாண்டு குவிமாடத்தைத் திரும்பக் கட்டினர். குறுக்குக் கம்பிகளையும் சேர்த்தனர். இரு உலைகளும் 2000 ஆம் ஆண்டில் வணிக முறையிலான மின்னுற்பத்தியைத் தொடங்கின. வலிமையைக் கூட்டியதோடு அவர்கள் நிற்கவில்லை என்பதை நோக்குக.

வாசகப் பெருமக்களே! நம் இல்லங்களின் மீது குண்டு பாயப் போவதில்லை. ஆயினும் அதே விதி அங்கும் செயற்படுகிறது. ஜன்னலுக்கு மேல் நீட்டும் சன்ஷேடில் இழுவிசை எழுவது மேற்புறத்தில். ஆகவே முதன்மைக் கம்பி மேற்புறத்தில்தான் இருக்க வேண்டும். கான்கிரீட் போடும்போது அக்கம்பியை மிதித்துக் கீழே இறக்கிவிட்டால், சிமெண்டை எவ்வளவு கூட்டினும் பயனில்லை. கலவை எளிதாக ஓடட்டும் என்று தண்ணீரை மிகுதியாக ஊற்றினால் உள்ள வலிமையும் குறையும். போட்ட பின் ஏழு நாள்களேனும் ஈரம் காய விடாமல் நீர் விட வேண்டும். வீடு கட்டுவோர் கான்கிரீட் போடும் நாளில் அரை மணி நேரம் அருகில் நின்று, கம்பி இருக்குமிடத்தைப் பார்த்துக்கொள்வார்களாக. அந்தச் சன்ஷேடின் கீழ்தான் நாளை நம் பிள்ளைகள் மழைக்கு ஒதுங்கப் போகிறார்கள்.