அனி ஏர்னோ: கடைக்காரரின் மகள் கண்ட எழுத்து

கல்வி பிள்ளையை உயர்த்தும் என்பதை யாவரும் அறிவர். ஆயின், உயர்ந்த பிள்ளைக்கும் உயர்த்திவிட்ட பெற்றோருக்கும் நடுவே அதே கல்வி ஒரு மதிலை எழுப்புவதும் உண்டு. பலரும் உள்ளத்தில் உணர்ந்து வெளியிற் சொல்லக் கூசும் இவ்வுண்மையைத் தம் எழுத்துக்குப் பொருளாக்கியவர் பிரெஞ்சு எழுத்தாளர் அனி ஏர்னோ.

அம்மையார் 1940ஆம் ஆண்டில், நோர்மண்டிப் பகுதியிலுள்ள லில்போன் என்னும் சிற்றூரிற் பிறந்து, ஈவ்தோ என்னும் ஊரில் வளர்ந்தவர். தந்தையார் இளமையிற் பண்ணையாளாகவும், பின்னர் ஆலைத் தொழிலாளியாகவும் உழைத்தவர். ஈற்றில் மனைவியோடு சேர்ந்து, பலசரக்குக் கடையும் கோப்பிக்கடையும் ஒன்றாய் அமைந்த ஒரு சிறு வியாபாரத்தை நடத்தினார். மகளோ தனியார் கத்தோலிக்க பாடசாலையிற் பயின்றார். அங்கு கற்ற திருந்திய பிரெஞ்சு வேறு. வீட்டில் வழங்கிய பேச்சு வேறு. தந்தையின் சொற்களை மகள் திருத்தத் தொடங்கினார்; வீட்டிற் சினமும் மனத்தாங்கலும் புகுந்தன.

மகள் பல்கலைக்கழகம் சென்று, ஆசிரியத் தொழிலுக்குரிய தேர்விற் சித்தியெய்தினார். அடுத்த இரண்டு மாதங்களில், 1967ஆம் ஆண்டில், தந்தையார் காலமானார். அவர் தமது பணப்பையில் ஒரு பத்திரிகைத் துண்டை வைத்திருந்தார். ஆசிரியப் பயிற்சிக் கலாசாலைக்குத் தெரிவானோரின் பெயர்ப் பட்டியல் அது. அதில் இரண்டாவது பெயர் மகளுடையது.

ஏர்னோவின் முதல் நாவல் 1974இல் வெளிவந்தது. 'வெற்று அலுமாரிகள்' எனப் பொருள்படும் அந்நூலிற் சினமே மேலோங்கி நின்றது. மேலும் இரு நாவல்களை எழுதியபின், தந்தையாரைப் பற்றி எழுத முற்பட்டபோதுதான் அவருக்கு ஓர் ஐயம் பிறந்தது. வறுமைக்கு ஆட்பட்டு வாழ்ந்த ஒருவரைச் சுவையான கதையாக்குதல் தகுமா? தகாது என்று துணிந்து, நாவலைக் கைவிட்டார். ஊருக்குக் கடிதம் எழுதுங்கால் பெற்றோருக்கு எந்த நடையில் செய்தி சொன்னாரோ, அந்த அணியற்ற நடையையே நூலுக்கும் கைக்கொண்டார். 1983இல் வெளிவந்த அந்நூலின் பெயர் 'இடம்'. மறு ஆண்டில் அதற்கு றெனோடோ பரிசு கிடைத்தது.

அதன்பின் அவர் இப்பாதையினின்றும் விலகவில்லை. தாயாரைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கருச்சிதைவைச் சட்டம் தடுத்திருந்த காலத்தில், 1964இல், மாணவியாகிய தாம் மறைவாக அனுபவித்த துன்பத்தை 2000ஆம் ஆண்டில் 'நிகழ்வு' என்னும் நூலில் மறைக்காது எழுதினார். 2008இல் வந்த 'ஆண்டுகள்' தன்வரலாறே எனினும், அதில் 'நான்' என்ற சொல் ஆளப்படவில்லை. 'அவள்' என்றும் 'நாங்கள்' என்றும் கூறி, ஒரு தலைமுறையின் வாழ்வையே தம் வாழ்வாக எழுதினார்.

2022இல் அவருக்கு இலக்கியத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. பிரெஞ்சுப் பெண்மணிகளுள் அப்பரிசைப் பெற்ற முதல்வர் அவரே. தம் குலத்தார்பட்ட இழிவுக்குப் பழிதீர்க்கவே எழுதுவேன் என்று இளவயதில் நாட்குறிப்பில் எழுதிவைத்ததைப் பரிசுரையில் நினைவுகூர்ந்தார். அவர் தீர்த்த பழியில் வசைமொழி இல்லை. கற்றோர் மொழியின் அலங்காரத்தைக் களைந்து, கடை மேசைக்குப் பின்னால் நின்றவர்களை அவர்கள் வாழ்ந்தவாறே நூலில் நிறுத்தியதே அப்பழி.