லே சால் சூர் வெர்தோன்

லே சால் சூர் வெர்தோன் என்பது பிரான்சின் தென்கிழக்கில், புரோவென்சு பகுதியின் வார் மாவட்டத்தில் உள்ள ஒரு சிற்றூர். இங்கு சில நூறு பேரே வாழ்கின்றனர். பெயரில் உள்ள 'சூர் வெர்தோன்' என்பதற்கு 'வெர்தோன் ஆற்றின் மேல்' என்று பொருள். ஆனால் இன்று இவ்வூரின் கீழே இருப்பது ஓடும் ஆறு அன்று. தேங்கி நிற்கும் ஏரி. பழைய ஊர் அந்த ஏரிக்கு அடியில் கிடக்கிறது.

ஆல்ப்சு மலையில் தோன்றும் வெர்தோன், புகழ்பெற்ற ஆழ்பள்ளத்தாக்கைக் கடந்து வெளியேறும் இடத்தில் முன்பு அகன்ற, வளமான சமவெளி ஒன்று இருந்தது. பழைய லே சால் அங்கேதான் அமைந்திருந்தது. மக்கள் உழவை நம்பி வாழ்ந்தனர். அருகில் 'ஆயரின் ஊற்று' எனப் பொருள்படும் ஃபோந்தேன் லெவேக் இருந்தது. பிரான்சின் மிகப் பெரிய ஊற்றுகளுள் அதுவும் ஒன்று. மண்ணும் நீரும் ஒருங்கே அமைந்த இந்த நிலமே அணைக்கும் பொருத்தமான இடமாகிவிட்டது.

மின் உற்பத்திக்கும் நீர் வழங்கலுக்குமாக வெர்தோன் ஆற்றில் 5 அணைகள் கட்டப்பட்டன. அவற்றுள் பெரியது செயின்ட் குருவா அணை. அரசு மின் நிறுவனம் 1970களின் தொடக்கத்தில் அதைக் கட்டியது. அதன் ஏரியின் பரப்பு சுமார் 22 சதுர கிலோமீட்டர். கொள்ளளவு ஏறத்தாழ 76 கோடி கன மீட்டர். வெர்தோன் நீர் கால்வாய் வழியாக மார்செய், தூலோன் போன்ற நகரங்களுக்கும் வயல்களுக்கும் செல்கிறது.

நீர் ஏறுவதற்கு முன்பே மக்கள் வெளியேற்றப்பட்டனர். வீடுகளும் தேவாலயமும் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. கல்லறைகளில் இருந்தவர்களின் எச்சங்கள்கூடத் தோண்டி எடுக்கப்பட்டுப் புதிய இடுகாட்டுக்கு மாற்றப்பட்டன. மேட்டு நிலத்தில் புதிய ஊர் 1974 இல் உருவானது. பழைய ஊரிலிருந்து சில பொருள்கள் மட்டுமே அங்கு வந்து சேர்ந்தன.

ஏரிக்கு அடியில் தேவாலயக் கோபுரம் தெரியுமா என்று வருவோர் கேட்பது இயல்பே. இத்தாலியின் ரெசியா ஏரியில், மூழ்கிய ஊரின் மணிக்கூண்டு இன்றும் நீருக்கு மேல் நிற்கிறது. லே சாலில் அப்படி எதுவும் இல்லை. எல்லாம் முன்னரே இடிக்கப்பட்டுவிட்டன. ஃபோந்தேன் லெவேக்கும், எகின் ஊரருகே இருந்த பழைய கல்பாலமும் அதே நீருக்குள் போயின.

அண்டை ஊரான போதுவேன் மட்டும் தப்பியது. சரிவில் இருந்த அந்தப் பழைய ஊரின் வாசல் வரை நீர் வந்து நின்றதால், அது ஏரிக்கரை ஊராக மாறியது.

இன்று லே சாலின் பிழைப்பு பெரும்பாலும் கோடைச் சுற்றுலாதான். நீலப்பச்சை நிற ஏரியில் நீந்தவும் படகு ஓட்டவும் பலர் வருகின்றனர். எரிபொருள் இயந்திரப் படகுகளுக்கு அனுமதியில்லை. மழை பொய்த்த ஆண்டுகளில், 2022 இல் நடந்ததுபோல, நீர்மட்டம் பல மீட்டர் இறங்கிக் கரைகள் வெளுத்துத் தெரிகின்றன. அப்போதும் பழைய ஊர் வெளியே வருவதில்லை.