வரைகலைப் புதினங்களின் வாசகச் செல்வாக்கை அளவிடுதலும் நூற்பரிந்துரையும்: கம்மாபுரம் – நெய்வேலிப் பகுதிக் கிளை நூலகச் சூழலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பொது நூலகங்களில் எந்த நூலை வாங்குவது, எதை வாசகருக்குப் பரிந்துரைப்பது, எதைக் கழிப்பது என்னும் முடிவுகளுக்கு இரவல் எண்ணிக்கையே பெரும்பாலும் சான்றாகக் கொள்ளப்படுகிறது. வரைகலைப் புதினங்களைப் பொறுத்தவரை இவ்வெண்ணிக்கை வாசக விருப்பத்தைக் காட்டிலும் நூலகத்தின் இருப்பையே மிகுதியாகப் பிரதிபலிக்கிறது. தொடர் வெளியீடு, நூலகத்துக்குள்ளேயே படித்து முடித்தல், பல வகுப்பெண்களில் சிதறிக் கிடத்தல் ஆகியன இதற்குக் காரணங்கள். கடலூர் மாவட்டம் கம்மாபுரம் – நெய்வேலிப் பகுதியைச் சூழலாகக் கொண்டு, சிறு கிளை நூலகம் ஒன்று கைப்பதிவுகளைக் கொண்டே பின்பற்றத்தக்க அளவீட்டு முறையையும், அவ்வளவீட்டைப் பரிந்துரையாக மாற்றும் வழியையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வரைகலைப் புதினம், சித்திரக்கதை, இரவல் பதிவு, வாசகச் செல்வாக்கு, நூற்பரிந்துரை, கிளை நூலகம்.

முன்னுரை

சித்திரக்கதை தமிழ் வாசகருக்குப் புதியதன்று. சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸும் 1984இல் லயன் காமிக்ஸும் வெளிவரத் தொடங்கின. ராணி காமிக்ஸ் தொடங்கப்பட்டதும் 1984ஆம் ஆண்டிலேயே. சிறுவர்க்குரியது என்று கருதப்பட்ட இவ்வடிவம், இன்று முதிர்ந்த வாசகரை நோக்கிய தனி நூல் வகையாகவும் வளர்ந்துள்ளது. ஆங்கிலத்தில் 1978இல் வெளிவந்த வில் ஐஸ்னரின் நூல் ‘கிராபிக் நாவல்’ என்னும் பெயரைப் பரவலாக்கிற்று. தமிழில் இக்கடன்சொல்லும், ‘வரைகலைப் புதினம்’, ‘சித்திரப் புதினம்’ முதலிய சொற்களும் ஒருங்கே வழங்குகின்றன. இக்கட்டுரை ‘வரைகலைப் புதினம்’ என்னும் சொல்லைத் தொடர் சித்திரக்கதைகளையும் உள்ளடக்கிய பொதுப்பெயராக ஆள்கிறது.

இந்நூல்களுள் எவை விரும்பிப் படிக்கப்படுகின்றன என்பதை நூலகம் எவ்வாறு அறிவது, அறிந்ததைக் கொண்டு அடுத்த நூலை எவ்வாறு பரிந்துரைப்பது என்னும் இரு வினாக்களே இங்கு ஆராயப்படுகின்றன. கட்டுரையில் இடம்பெறும் கணக்கீடு முறையை விளக்குவதற்கான எடுத்துக்காட்டேயாகும்; எந்த நூலகத்தின் பதிவும் அன்று.

ஆய்வுக்களத்தின் இயல்பு

கம்மாபுரம், நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கப் பகுதியை ஒட்டிய ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையூர். 1956இல் நிறுவப்பட்ட நெய்வேலி நிறுவனம் திட்டமிட்டு அமைத்த நகரியத்தில் பல மொழி பேசும் ஊழியர் குடும்பங்கள் வாழ்கின்றன. நகரியத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் வேளாண்மையையும் ஒப்பந்தத் தொழிலையும் சார்ந்த குடும்பங்கள் வாழ்கின்றன. அடுத்தடுத்து வாழும் இவ்விரு வாசகத் திரள்களுக்கும் நூல் கிட்டும் வாய்ப்பு ஒத்ததன்று. நெய்வேலியில் ஆண்டுதோறும் நடைபெறும் புத்தகக் கண்காட்சி இப்பகுதியின் பெரிய நூற்சந்தை. விலை கொடுத்து வாங்க இயலாத வாசகருக்கு அருகிலுள்ள கிளை நூலகமோ ஊர்ப்புற நூலகமோதான் நிலையான வாயில். வண்ணத்தில் அச்சாகும் வரைகலைப் புதினங்களின் விலை கூடுதலாதலால், நூலகத்தைச் சார்ந்திருக்கும் தேவை இவ்வகையில் இன்னும் மிகுதி.

1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்கீழ் மாவட்ட நூலக ஆணைக்குழுக்கள் இயங்குகின்றன. மாவட்ட அளவில் இரவல் எண்ணிக்கைகளைத் தொகுத்து ஒரே பட்டியலாக்கினால், உறுப்பினர் மிகுந்த நகர நூலகங்களின் விருப்பமே மாவட்டத்தின் விருப்பமாகத் தோன்றும். சிற்றூர்க் கிளையில் பத்து மாணவர் மாறி மாறிப் படித்துக் கிழித்த நூல் அப்பட்டியலில் இடம்பெறாது. ஆகவே, அளவீடு கிளைதோறும் தனித்தனியே செய்யப்படுதல் முதல் தேவையாகும்.

இரவல் எண்ணிக்கை எதைக் காட்டுகிறது?

நூல் பயன்பாடு சீராகப் பரவியிருப்பதில்லை என்பது நூலகவியலில் நிறுவப்பட்ட செய்தி. மொத்த இரவலில் ஏறத்தாழ 80 விழுக்காடு, இருப்பில் 20 விழுக்காடு நூல்களாலேயே நிகழ்கிறது என்று ரிச்சர்ட் டுரூஸ்வெல் 1969இல் எடுத்துக்காட்டினார். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக நூலகத்தில் 1969இல் சேர்க்கப்பட்ட நூல்களில் 40 விழுக்காட்டை ஒட்டிய பகுதி முதல் ஆறாண்டுகளில் ஒருமுறைகூட இரவல் செல்லவில்லை என்பது 1979இல் வெளியான ஆய்வின் முடிவு. இத்தகைய முடிவுகளை வரைகலைப் புதினங்களுக்கு அப்படியே பொருத்துவதில் நான்கு இடர்ப்பாடுகள் உள்ளன.

முதலாவது, தொடர் வெளியீடு. ஆறு பாகங்கள் கொண்ட கதைக்கு ஆறு இரவல்கள் பதிவாகும். ஒரே நூலாக அமைந்த கதைக்கு ஒன்றே பதிவாகும். வான் ஹாம், வில்லியம் வான்ஸ் இருவரின் பெல்ஜியத் தொடர் தமிழில் ‘இரத்தப் படலம்’ என்னும் பெயரில் பல்லாண்டுகள் பகுதி பகுதியாக வெளிவந்து, 2010இல் 18 பாகங்களும் அடங்கிய ஒரே தொகுப்பாக வந்தது. கதை ஒன்றே, எந்த வடிவம் நூலகத்தில் உள்ளது என்பதைப் பொறுத்து எண்ணிக்கை பன்மடங்கு வேறுபடும்.

இரண்டாவது, உள்வாசிப்பு. நூறு பக்கச் சித்திரக்கதையை ஒரே அமர்வில் படித்துவிடலாம். மாலையில் நூலகம் வரும் மாணவர் மேசையிலேயே படித்து முடித்து அங்கேயே வைத்துச் செல்வர். மாத வெளியீடுகளைப் பருவ இதழாகக் கருதி இரவல் தராத நூலகத்தில் அவற்றின் வாசிப்பு முழுவதும் பதிவுக்கு வெளியே நிற்கும்.

மூன்றாவது, வகைப்பாடு. டூயி பதின்மப் பகுப்பில் சித்திரக்கதைக்குரிய எண் 741.5. ஆயினும் அம்பேத்கரின் வாழ்வை கோண்டு ஓவிய மரபில் சொல்லும் ‘பீமாயணம்’ வாழ்க்கை வரலாற்றிலும், மர்ஜான் சத்ரபியின் தன்வரலாறான ‘ஈரான்: ஒரு குழந்தைப் பருவத்தின் கதை’ வரலாற்றிலும், அமர் சித்திரக் கதைகள் சிறுவர் பகுதியிலும் வைக்கப்படக்கூடும். 741.5 என்னும் அடுக்கை மட்டும் எண்ணுவோர் இவ்வகையின் கனமான பகுதியைத் தவறவிடுவர்.

நான்காவது, வழங்கல் பதிவு முறை. பிரௌன் முறையில் நூல் திரும்பியதும் நூல் அட்டை வாசகர் சீட்டிலிருந்து பிரிக்கப்பட்டுவிடும். இன்னார் இன்ன நூலை எடுத்தார் என்பதற்கு நிலையான பதிவு எஞ்சாது. நூவார்க் முறையில் வாசகர் எண்ணும் தேதியும் நூல் அட்டையில் எழுதப்படுவதால், ஒரே வாசகர் மீண்டும் மீண்டும் எடுத்தாரா, பலர் எடுத்தனரா என்று பிரித்தறியலாம். கணினிமயமாகாத நூலகத்தில், நூலின் இறுதியில் ஒட்டப்பட்ட தேதித் தாளே ஆய்வாளருக்குக் கிட்டும் நம்பகமான ஆவணம். பழைய தாள் நிரம்பியதும் கிழித்தெறியாமல் பாதுகாத்தலே அளவீட்டின் தொடக்கம் எனலாம்.

விற்பனைப் பட்டியல்களும் வாசகர் வாக்கும்

நூலகத்திற்கு வெளியே உள்ள அளவுகோல்களைக் கடன் வாங்கலாமா என்னும் வினா எழும். நியூயார்க் டைம்ஸ் இதழ் 2009இல் வரைகலைப் புத்தகங்களுக்கென விற்பனைப் பட்டியலைத் தொடங்கி, 2017இல் நிறுத்தி, 2019இல் மீண்டும் தொடங்கியது. பட்டியல் இல்லாத ஆண்டுகளில் வாசகர் இல்லாமற் போய்விடவில்லை. ஜப்பானின் ‘ஷோனென் ஜம்ப்’ வார இதழ் வாசகர் அஞ்சலட்டைகளைக் கொண்டு தொடர்களின் தரவரிசையை வகுத்து, பின்தங்கும் தொடர்களை நிறுத்தும் வழக்கமுடையது. தமிழில் சந்தாவும் முன்பதிவும் ஏறக்குறைய இப்பணியைச் செய்கின்றன. 2015இல் வெளிவந்த ‘மின்னும் மரணம்’ பெருந்தொகுப்பு முன்பதிவை அடிப்படையாகக் கொண்டது. இவ்வளவுகோல்கள் அனைத்தும் பணம் செலுத்தியவரின், அதிலும் நீண்ட நாள் பற்றுடைய சேகரிப்பாளரின் விருப்பத்தையே காட்டுகின்றன. இலவச நூலகத்திற்கு வரும் பதின்மூன்று வயது மாணவி அவற்றில் இடம்பெறுவதில்லை. ஆகவே இவை நூல் தேர்வுக்குத் துணையாகலாமேயன்றிக் கிளையின் சொந்தக் கணக்குக்கு மாற்றாகா.

திருத்திய அளவீடு: ஓர் எடுத்துக்காட்டு

‘அ’ என்பது ஆறு பாகத் தொடர். ஒவ்வொரு பாகத்திற்கும் ஒரு படி. ஓராண்டு முழுதும் இருப்பில் உள்ளது. பாகவாரியான இரவல்கள் 24, 14, 8, 6, 4, 4, மொத்தம் 60. ‘ஆ’ என்பது தனி நூல், ஒரு படி, எட்டு மாதங்களே இருப்பில் உள்ளது, இரவல் 16. மொத்த எண்ணிக்கையில் ‘அ’ ஏறத்தாழ நான்கு மடங்கு முன்னிற்கிறது. ஒரு படிக்கு ஒரு மாதத்தில் எத்தனை இரவல் என்று கணக்கிட்டாலோ ‘அ’ 0.83, ‘ஆ’ 2. வரிசை தலைகீழாகிறது.

‘அ’வின் பாகவாரி எண்கள் மற்றொரு செய்தியையும் தருகின்றன. முதற்பாகத்தின் இரவலோடு ஒப்பிட இரண்டாம் பாகத்தின் இரவல் 58 விழுக்காடு. இறுதிப் பாகத்தின் இரவல் 17 விழுக்காடு. இதனைத் தொடர்நிலைப்பு வீதம் எனலாம். அட்டைப்படத்தின் ஈர்ப்பால் முதற்பாகம் மிகுதியாகச் சென்றிருக்கலாம். இடைப்பாகம் காணாமற் போயிருந்தாலும் எண்கள் இவ்வாறு சரியும். எனவே, வீழ்ச்சியைக் கண்டதும் வாசகர் வெறுத்தனர் என்று முடிவு செய்வதற்கு முன், எல்லாப் பாகங்களும் தட்டில் இருந்தனவா என்று சரிபார்த்தல் வேண்டும்.

இவற்றோடு இரு எளிய பதிவுகள் சேர்க்கப்படுதல் நலம். ஒன்று, மேசைக் கணக்கு: மாதத்தில் குறிப்பிட்ட சில நாள்களில், மேசைகளில் விடப்பட்ட நூல்களை அடுக்கில் வைக்கும்முன் குறித்துக்கொள்ளுதல். மற்றொன்று, வேண்டல் பதிவேடு: வாசகர் கேட்டும் கிட்டாத நூல்களைக் குறித்தல். இருப்பில் இல்லாத நூலுக்கு இரவல் எண்ணிக்கை எப்போதும் சுழியே. தேவையை அறிய இப்பதிவேட்டைத் தவிர வேறு வழி இல்லை.

சிறு எண்களின் எல்லையும் நினைவிற்கொள்ளத்தக்கது. 16 இரவல் என்னும் பதிவில் ஏறத்தாழ 4 அளவிலான ஏற்றத்தாழ்வு தற்செயலாகவே நேரக்கூடும். ஆகவே, நூல்களை ஒன்று, இரண்டு, மூன்று என வரிசைப்படுத்துவதைவிட மிகுபயன்பாடு, இடைப்பயன்பாடு, குறைபயன்பாடு என மூன்று தொகுதிகளாக்குதல் பொருந்தும். தேர்வுக் காலம், கோடை விடுமுறை, புத்தகக் கண்காட்சி ஆகியவற்றால் எண்கள் மாறுமாதலால் ஓராண்டுக்குக் குறைந்த கணக்கைக் கொண்டு நூல்களைக் கழித்தலும் தகாது.

செல்வாக்கிலிருந்து பரிந்துரைக்கு

மிகுதியாகப் படிக்கப்பட்டதையே பரிந்துரைத்தால் அது மேலும் படிக்கப்படும். அதனாலேயே மீண்டும் பரிந்துரைக்கப்படும். புகழ் பெற்றோர்க்கே மேலும் புகழ் சேரும் இவ்வியல்பை ராபர்ட் மெர்ட்டன் 1968இல் அறிவியல் துறையை முன்வைத்து விளக்கினார். சால்கானிக், டாட்ஸ், வாட்ஸ் ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், 14,341 பேர் அறிமுகமற்ற 48 பாடல்களைக் கேட்டனர். பிறர் எதைப் பதிவிறக்கினர் என்னும் எண்ணிக்கை காட்டப்பட்ட குழுக்களில், வெற்றி பெற்ற பாடலுக்கும் மற்றவற்றுக்குமான இடைவெளி பெருகியது. எது வெற்றி பெறும் என்பதும் குழுவுக்குக் குழு மாறியது. நூலகத்தின் ‘அதிகம் படிக்கப்பட்டவை’ என்னும் தட்டும் இவ்வாறே இயங்கக்கூடும்.

வாசகர் ஒவ்வொருவர்க்கும் உரிய நூல் கிட்ட வேண்டும் என்பதோடு, நூல் ஒவ்வொன்றிற்கும் உரிய வாசகரைத் தேடித் தர வேண்டும் என்பதையும் விதியாக வகுத்தவர், சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக விளங்கிய சீ. இரா. அரங்கநாதன் (1931). இரவல் எண்ணிக்கை முதற்கூறியதற்கு ஓரளவு உதவும், பின்னதற்கு உதவாது. அங்கு நூலகரின் நூலறிவே துணை.

ஜாய்ஸ் சாரிக்ஸ், நான்சி பிரௌன் ஆகியோர் 1989இல் வெளியிட்ட நூல், கதையின் வேகம், பாத்திரப் படைப்பு, கதைப்போக்கு, பின்புலம் ஆகிய ஈர்ப்புக் கூறுகளைக் கொண்டு பரிந்துரைக்கும் முறையை வகுத்தது. வரைகலைப் புதினத்திற்கு ஓவிய நடையையும் கட்ட அமைப்பையும் ஐந்தாம் கூறாகச் சேர்க்கலாம். ‘இரத்தப் படல’த்தின் மர்ம முடிச்சை விரும்பியவருக்கு மற்றொரு துப்பறியும் தொடர் ஏற்றது. சத்ரபியின் நூலில் ஒரு சிறுமியின் பார்வையில் விரியும் சமூக வரலாற்றை விரும்பியவருக்கு, பாமாவின் ‘கருக்கு’ போன்ற எழுத்துவடிவத் தன்வரலாறு அடுத்த படியாகலாம். செவ்வகக் கட்டங்களைத் தவிர்த்த ‘பீமாயண’த்தின் ஓவியத்தில் மனம் தோய்ந்தவரை நாட்டார் கலை பற்றிய நூல்களுக்கு அழைத்துச் செல்லலாம். வாசிப்பு நிலையும் கருதத்தக்கது. பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்க நூல்கள் ‘நுழை, நட, ஓடு, பற’ எனப் படிநிலைப்படுத்தப்பட்டிருப்பது இதற்கு நல்ல முன்மாதிரி.

நடைமுறையில், ஐந்து நூல்கள் கொண்ட பரிந்துரைத் தட்டில் இரண்டு மிகுபயன்பாட்டு நூல்களும், அவற்றோடு ஈர்ப்புக் கூறால் உறவுடைய இரண்டு நூல்களும், குறைபயன்பாட்டு நூல் ஒன்றும் இடம்பெறலாம். ஒரு நூலை நான்கு வாரம் தட்டிலும் அடுத்த நான்கு வாரம் வழக்கமான அடுக்கிலும் வைத்து இரு காலத்தின் பயன்பாட்டையும் ஒப்பிட்டால், நூல் விரும்பப்படவில்லையா, கண்ணில் படவே இல்லையா என்பது புலனாகும். கழித்தற் பட்டியலில் சேரும்முன் ஒவ்வொரு நூலுக்கும் இவ்வாய்ப்பு ஒருமுறையேனும் அளிக்கப்படுதல் முறையாகும். இக்கணக்கில் நூலின் பயன்பாடு மட்டுமே குறிக்கப்பட வேண்டும். யார் எதைப் படித்தார் என்னும் விவரம் ஆய்வுத் தொகுப்பில் இடம்பெறலாகாது.

முடிவுரை

வரைகலைப் புதினங்களின் மொத்த இரவல் எண்ணிக்கை, தொடரின் நீளத்தாலும் படிகளின் எண்ணிக்கையாலும் இருப்புக் காலத்தாலும் உருவாவது. படி – மாத வீதம், தொடர்நிலைப்பு வீதம், மேசைக் கணக்கு, வேண்டல் பதிவேடு ஆகிய நான்கையும் இணைத்துக் காணும்போதே அது வாசக விருப்பத்தின் சான்றாகிறது. இந்நான்கிற்கும் தேவையானவை தேதித் தாளும் ஒரு குறிப்பேடுமே. கணினி இல்லாத ஊர்ப்புற நூலகமும் இவற்றைச் செய்ய இயலும். நகரியத்தின் எண்ணிக்கையில் கரைந்துவிடாமல், கம்மாபுரம் போன்ற ஊர்களின் வாசகர் தமக்குரிய நூல்களைக் கேட்டுப் பெறுவதற்கு இக்குறிப்பேடே சான்றாவணமாகும். ஒரு கிளையில் ஓராண்டு இம்முறையைச் செயற்படுத்தி, பெறப்படும் வரிசையை மொத்த இரவல் வரிசையோடு ஒப்பிடுவது இவ்வாய்வின் அடுத்த கட்டமாக அமையும்.