டிஷ்ஷிலிருந்து ஹார்ட் டிஸ்க்குக்கு

டிடிஎச் பெட்டியில் பென் டிரைவைச் செருகிப் பதிவு செய்த படத்தை லேப்டாப்பில் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஓடாது. பதிவு செய்த பெட்டிக்குத்தான் அந்தக் கோப்பைத் திறக்கத் தெரியும். பெட்டி பழுதானால் சேர்த்து வைத்ததெல்லாம் போச்சு. கட்டணச் சேனல்கள் பூட்டோடு வருவதால் வரும் வினை இது.

பூட்டில்லாத சேனல்களும் வானத்திலிருந்து வந்துகொண்டுதான் இருக்கின்றன. பிரசார் பாரதியின் டிடி ஃப்ரீ டிஷ், 2004 டிசம்பரில் 'டிடி டைரக்ட் பிளஸ்' என்ற பெயரில் தொடங்கியது. மாதக் கட்டணம் கிடையாது. இப்போது சில சேனல்களுக்கு அதிலும் பூட்டு வந்துவிட்டது என்றாலும், திறந்தே வருபவை நிறைய. சன் டிவி சீரியலுக்காக இதில் இறங்க நினைப்பவர்கள் இங்கேயே நின்றுகொள்ளலாம். செய்தி, பழைய படம், தூர்தர்ஷன் கச்சேரி போதும் என்பவர்களுக்கு ஒரு சின்ன கம்ப்யூட்டரே பதிவுப் பெட்டியாகிவிடும். ராஸ்பெர்ரி பை 4 தாராளம்.

கைக்கு அடக்கமான கம்ப்யூட்டர் எப்படித் தாங்கும் என்று கேட்கலாம். அதற்கு, டிஷ்ஷில் விழுவது என்ன என்று பார்க்க வேண்டும்.

ஃப்ரீ டிஷ்ஷைச் சுமக்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோள், கிழக்கு 93.5 டிகிரியில், சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. சென்னை மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் தென்கிழக்கில், தரையிலிருந்து ஏறத்தாழ 68 டிகிரி மேலே. அதன் அலைகள் 11 கிகாஹெர்ட்ஸை ஒட்டியவை. அவ்வளவு உயர்ந்த அதிர்வெண் சாதாரண கேபிளில் இறங்கி வருவதற்குள் தேய்ந்துவிடும். டிஷ்ஷின் மூக்கில் இருக்கும் எல்என்பி அதைக் குறைத்து அனுப்புகிறது. 11,090 மெகாஹெர்ட்ஸ் அலையிலிருந்து 9,750-ஐக் கழித்தால் 1,340; கேபிளில் வருவது இதுதான். கீழே கம்ப்யூட்டரில் செருகியிருக்கும் டியூனர் அதே கேபிளில் மேலே மின்சாரமும் அனுப்புகிறது. 13 வோல்ட் என்றால் செங்குத்து அலை வேண்டும் என்று பொருள், 18 என்றால் கிடை அலை.

பலருக்குத் தெரியாத சங்கதி, டியூனர் பிடிப்பது ஒரு சேனலை அல்ல என்பது. செயற்கைக்கோளின் ஒரு டிரான்ஸ்பாண்டரில், அதாவது ஒரு அதிர்வெண்ணில், வரும் எல்லாச் சேனல்களும் கலந்த ஒரே ஓட்டத்தைத்தான் அது பிடிக்கிறது. அந்த ஓட்டம் முழுவதும் 188 பைட் அளவுள்ள துண்டுகள். ஒவ்வொரு துண்டின் தலையிலும் அது எந்தச் சேனலின் படம் அல்லது ஒலி என்று சொல்லும் எண் இருக்கும். தபால் பிரிப்பவர் கடிதத்தைப் பிரித்துப் படிப்பதில்லை, பின்கோடை மட்டும் பார்த்துப் பையில் போடுகிறார்; பதிவு செய்யும் மென்பொருளின் வேலையும் அவ்வளவே. வேண்டிய எண்ணுள்ள துண்டுகளை அப்படியே வட்டில் எழுதுகிறது. படத்தை விரிப்பதும் இல்லை, மறுபடி சுருக்குவதும் இல்லை. அதனால் பதிவின் தரம் ஒளிபரப்பின் தரமேதான். விநாடிக்கு 3 மெகாபிட் வரும் சேனல் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 1.35 ஜிபி ஆகும்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஒரே டிரான்ஸ்பாண்டரில் இருக்கும் மூன்று சேனல்களை ஒரே டியூனரால் ஒரே நேரத்தில் பதிவு செய்யலாம். வேறு டிரான்ஸ்பாண்டரில் இருப்பதையும் அதே நேரத்தில் பார்க்க வேண்டுமானால்தான் இரண்டாவது டியூனர்.

பணத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் டியூனர்தான். டிவிபி-எஸ்2 வகையாக இருக்கட்டும், யுஎஸ்பியில் செருகுவதாக இருந்தால் போதும். லினக்ஸில் அதற்கு டிரைவர் இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கினால் அலமாரியில்தான் கிடக்கும். பதிவுகளுக்குத் தனி ஹார்ட் டிஸ்க் வேண்டும். ஓயாமல் எழுதினால் மெமரி கார்டு சீக்கிரம் செத்துவிடும்.

மென்பொருள் இரண்டு, இரண்டுமே இலவசம். டியூனரை ஆள்வதும் பதிவு செய்வதும் 'டிவிஹெட்எண்ட்'. ஹாலில் டிவியில் காட்டுவது 'கோடி'. பின்னது முதலில் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காக எழுதப்பட்டது. நேரலை டிவி பார்க்கும் வசதி அதில் 2013-இல்தான் சேர்ந்தது. இரண்டும் ஒரே கம்ப்யூட்டரில் இருக்கலாம். மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒன்றும் ஹாலில் ஒன்றுமாக, வீட்டு நெட்வொர்க் வழியாகவும் பேசிக்கொள்ளும்.

டிவிஹெட்எண்ட் திரையைத் திறந்ததும் பலர் மிரண்டுபோகிறார்கள். அதில் ஒரு வரிசை உண்டு. முதலில் ஒரு நெட்வொர்க்கை உருவாக்கி டியூனரோடு இணைக்க வேண்டும். பிறகு டிரான்ஸ்பாண்டரின் அதிர்வெண், சிம்பல் ரேட், அலையின் திசை ஆகியவற்றைக் கொடுத்துத் தேடச் சொல்ல வேண்டும். தேடல் முடிந்ததும் கிடைத்தவற்றைச் சேனல்களாக மாற்ற வேண்டும். இந்தக் கடைசிப் படியை மறந்துவிட்டு, கோடியில் ஒரு சேனலும் வரவில்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள்தான் அதிகம்.

நிகழ்ச்சி அட்டவணையும் அதே ஓட்டத்தில் தனி எண்ணோடு வரும். அது அரைகுறையாக இருக்கும் சேனல்களில் பெயரை நம்பாமல் நேரத்தை வைத்துப் பதிவு போடுவதே நல்லது: தினமும் இரவு 8 மணி முதல் 9 வரை, முன்னும் பின்னும் ஐந்து நிமிடம் கூட்டி. நம் சேனல்கள் கடிகாரத்தோடு அவ்வளவு சிநேகமாக இருப்பதில்லை.

பதிவு நடக்கும்போது கரண்ட் போனால்? வந்த துண்டுகளை அப்படியே எழுதும் 'டிஎஸ்' கோப்பு என்றால் அதுவரை பதிவானது ஓடும். முடிவில்தான் அட்டவணை எழுதும் சாதாரண எம்பி4 கோப்பு அப்படியே வீணாகிவிடும்.

அடைமழையில் படம் கட்டம் கட்டமாக உடைவதற்கு மட்டும் மருந்தில்லை. இந்த அலைவரிசையை மழைநீர் விழுங்கிவிடும். துண்டுகளில் வரிசை எண்ணும் இருப்பதால், எத்தனை முறை வரிசை அறுந்தது என்று டிவிஹெட்எண்ட் கணக்கு வைத்து, ஒவ்வொரு பதிவுக்கும் பிழை எண்ணிக்கையைக் காட்டுகிறது. வெயில் நாளிலும் அது ஏறிக்கொண்டே போனால் மென்பொருளை நோண்ட வேண்டாம். மாடிக்குப் போய் டிஷ் அசைந்திருக்கிறதா, எல்என்பியில் கேபிள் சேரும் முனைக்குள் தண்ணீர் இறங்கிச் செம்புக் கம்பி பச்சை பிடித்திருக்கிறதா என்று பாருங்கள்.