கூடாரக் கால்: பாரம் குறைந்தால் பலமும் குறையுமா?

இடம்பெயர்ந்து பழகியவர்களுக்கு இது நன்கு தெரியும். தறப்பாளைச் சுருட்டித் தோளில் போடலாம். கப்பையும் வளையையும் சுமந்துகொண்டு போகமுடியாது. 1990 இல் மடுவை நாடிச் சென்ற குடும்பங்களும் சரி, 2007 இல் முள்ளிக்குளத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களும் சரி, வீட்டு மரங்களை விட்டுவிட்டுத்தான் போனார்கள். ஆகவே பாரமில்லாத கூடாரக் கால் என்பது மலையேறுவோரின் பொழுதுபோக்கு விடயம் மட்டுமல்ல.

நிவாரணமாக வரும் கூடாரங்களில் பெரும்பாலும் இரும்பு அல்லது அலுமினியக் கால்களே இருக்கும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் சிறு கூடாரங்களில் சிலவேளை கறுப்பு நிறக் குழாய்களைக் காணலாம். அவை காபன் நாரினால் செய்யப்பட்டவை. ஒரு லீற்றர் கனவளவுள்ள இரும்பு ஏறத்தாழ 7.8 கிலோ, அலுமினியம் 2.7 கிலோ, காபன் நாரும் பசையும் சேர்ந்த பொருளோ 1.6 கிலோ மட்டுமே.

இவ்வளவு பாரம் குறைந்த பொருள் எப்படி வளையாமல் நிற்கிறது? நமது பனையைப் பாருங்கள். பனஞ்சிலாகையின் பலம் மரத்தின் வெளிப்புறத்திலுள்ள கறுத்த வைரத்தில் இருக்கிறது, நடுப்பகுதி மென்மையானது. அந்த வைரம் நெடுக்காக ஓடும் நார்களின் கூட்டம். காபன் குழாயும் இதே அமைப்புத்தான்: தலைமயிரைவிட மிக மெல்லிய நார்களை நெடுக்காக அடுக்கிப் பசையால் இறுக்கி, நடுவை வெறுமையாக விட்டிருக்கிறார்கள். செயற்கை இழையை ஒட்சிசன் படாமல் 1000 பாகைக்கு மேல் சூடாக்கி இந்த நாரை எடுக்கிறார்கள். குழாயின் சுவர்த் தடிப்பை மாற்றாமல் விட்டத்தை இருமடங்காக்கினால் பாரம் இரண்டு மடங்குதான் ஆகும். வளையாமல் நிற்கும் திறனோ எட்டு மடங்காகும். வெறும் குழாய்தானே என்று எண்ணவேண்டாம்.

ஆனால் குறையும் உண்டு. அலுமினியக் கால் முறியுமுன் வளைந்து எச்சரிக்கும்; நிமிர்த்தி இன்னும் சில நாள் ஓட்டலாம். காபன் எச்சரிக்காது, சடுதியாக முறியும். பக்கவாட்டில் நசுக்கினால் தாங்காது. பிள்ளைகள் மிதித்தாலோ கம்பியால் இறுக்கிக் கட்டினாலோ வெடித்துவிடும். கட்டுவதற்கு அகலமான நாடாவே நல்லது. முறிந்த இடத்தை வெறுங்கையால் தொடவேண்டாம், சிராய் ஏறும். அரத்தால் தேய்ப்பதானால் ஈரத்துணி வைத்து, மூக்கை மூடிக்கொண்டு தேய்க்கவேண்டும். இது மின்சாரத்தைக் கடத்தும் பொருள் என்பதையும் மறக்கக்கூடாது; மின்கம்பிக்குக் கீழே நிமிர்த்தவேண்டாம்.

மற்ற உறுப்புகள் மூன்று. துண்டுகளைப் பொருத்தும் இணைப்புக் குழல், உள்ளே ஓடும் இலாஸ்ரிக் நாண், நுனியில் வரும் முனை. நாண் பாரம் தாங்குவதில்லை. துண்டுகள் தொலையாமல் வைத்திருப்பது மட்டுமே அதன் வேலை. அது அறுந்தால் கூடாரத்தை எறியவேண்டியதில்லை, நைலோன் கயிறு போதும். மடிக்கும்போது நடுத்துண்டிலிருந்து தொடங்கினால் நாண் சீராக இழுபடும்.

கவனம் வேண்டியது இணைப்பில்தான். துண்டு முழுதாக உள்ளே இறங்காமல் நின்றால், சோளகக் காற்றின் முதல் உலுக்கலிலேயே குழாயின் வாய் பிளக்கும். எமது கரையில் இன்னொரு சிக்கலும் உண்டு. காபனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புநீர் பட்டால் அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளைப் பொடியாக உதிரும், இணைப்பும் இறுகிப்போகும். கடற்காற்றில் நின்ற கால்களை இடைக்கிடை கழற்றி, நன்னீரால் கழுவி, நிழலில் உலர்த்தவேண்டும்.

விரிசல் கண்டால், குழாய்க்கு மேலே இறுக்கமாகச் செல்லும் உலோகக் குழாய்த் துண்டொன்றை, விரிசலின் இருபுறமும் நான்கு விரற்கிடை நீளுமாறு ஏற்றி, ஒட்டும் நாடாவால் சுற்றிவிடலாம்.

மாதக்கணக்கில் தங்கவேண்டிய குடும்பத்துக்கு என்னைக் கேட்டால், பனஞ்சிலாகையும் கிடுகுமே சிறந்தவை என்பேன். வயற்காவலுக்கும், திடீரென அருவியாறு பெருகி மேட்டுநிலம் தேடும் இரவுக்கும் பாரமில்லாத கால் உதவும். அதை வாங்குகிறவர்கள் இணைப்புக் குழல் இரண்டை மேலதிகமாகக் கேட்டு வாங்கி, கூடாரப் பையிலேயே கட்டிவைக்கவும்.