கல்வி அறம் காத்தவர்களுக்கு ஒரு வணக்கம்

புதுச்சேரி – கடலூர் நெடுஞ்சாலையிலிருந்து மேற்கே திரும்பிச் சற்றுத் தொலைவு சென்றால் பாகூர். புதுச்சேரிப் பகுதியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி இவ்வூர் ஏரிதான். அதன் நீர் பாயும் வயல்களுக்கு நடுவே, வேதாம்பிகை உடனுறை மூலநாதர் திருக்கோயில் கொண்டிருக்கிறார். பிரதோஷத்துக்கு வரும் அன்பர்கள் நந்தியெம்பெருமானின் அபிஷேகம் கண்டு, பிராகாரம் வலம் வந்து, திருநீறு தரித்துத் திரும்புகிறார்கள். அம்பிகைக்கு வேதாம்பிகை என்னும் திருநாமம் வாய்த்ததற்குத் தலபுராணம் கூறும் காரணம் எதுவாயினும் ஆகுக. அந்தத் திருநாமத்துக்கு முழுத் தகுதியுடைய ஊர் பாகூர். ஒன்பதாம் நூற்றாண்டிலேயே இங்கே ஒரு வித்யாஸ்தானம், அதாவது உயர்கல்விக் கழகம், நடைபெற்று வந்தது.

இதனை நமக்கு அறிவிப்பவை பாகூர்ச் செப்பேடுகள். ஒரே வளையத்தில் கோத்து, பல்லவரின் இடப முத்திரை பொறித்த ஐந்து ஏடுகள். 1879-ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்ட இவை, அக்காலப் பிரெஞ்சு ஆட்சியினரால் பாரிஸ் நகரத்துத் தேசிய நூலகத்துக்கு அனுப்பப்பட்டன. நம் ஊர்ச் சொத்து கடல் கடந்து போயிற்றே என்ற ஆதங்கம் எழாமல் இல்லை. ஆயினும் அவற்றின் வாசகம் அச்சேறிவிட்டதால் செய்தி நம்மிடமே இருக்கிறது.

பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாவது ஆட்சியாண்டில் எழுதப்பட்ட சாசனம் இது. வேசாலிப் பேரரையன் என்னும் தலைவர் மன்னனிடம் விண்ணப்பம் செய்கிறார். தமக்கென்று ஊரோ பட்டமோ அவர் கேட்கவில்லை. வாகூர் வித்யாஸ்தானத்துக்கு வாழ்வாதாரம் வேண்டும் என்று கேட்கிறார். சேட்டுப்பாக்கம், விளங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்ற மூன்று ஊர்களின் வருவாய் அந்தக் கல்விச்சாலைக்கு உரிமையாகிறது. வாகூர் என்பதே பாகூரின் பழம்பெயர்.

அந்த வித்யாஸ்தானத்தைச் சாசனக் கவி போற்றும் விதம் சிவபக்தர்களுக்கு மெய்சிலிர்ப்பைத் தரும். வானிலிருந்து அலை புரண்டு இறங்கிய கங்கையைச் சடாமுடியில் ஏந்தினார் பரமேசுவரன். அதுபோல ஆழ்ந்த கல்வி நதியை வாகூர் ஏந்தி நின்றது என்ற கருத்தை அவர் வடமொழியில் அமைத்திருக்கிறார். கங்கையின் பெருமையைப் பாடியவர் பலர். அதைத் தாங்கிக்கொண்டவரின் பொறுமையை இக்கவி நினைத்தார் என்பதே என் மனத்தைத் தொட்டது.

இனி, இக்கொடை எப்படிப்பட்ட காலத்தில் நிகழ்ந்தது என்று பார்க்க வேண்டும். பல்லவரும் பாண்டியரும் தலைமுறை தலைமுறையாகப் போரிட்டுக்கொண்டிருந்த காலம் அது. முன்னொரு போரில் பாண்டியரிடம் தோற்ற பல்லவப் படை, பின்னர் அரிசிலாற்றங்கரையில் வெற்றி கண்டதாக இதே செப்பேடு கூறுகிறது. தோல்வியின் தழும்பையும் போரின் செலவையும் மறைக்காத அதே சாசனத்தில்தான் ஒரு கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் அளித்த செய்தியும் இருக்கிறது. கருவூலம் நிரம்பி வழியும் நாளில் கொடுப்பது ஒருவகை. யானைக்கும் குதிரைக்கும் தீனி தேடும் நாளில், மாணவர் கலத்துக்கும் நெல் வேண்டும் என்று ஒருவர் எழுந்து சொல்வது வேறுவகை.

பிறகு பல்லவர் மறைந்தனர், சோழர் வந்தனர். 949-இல் நிகழ்ந்த தக்கோலப் போரில் சோழர் வீழ, இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் இப்பகுதியைக் கைக்கொண்டான். கன்னரதேவன் என்ற பெயரில் அவனுடைய கல்வெட்டுகளும் மூலநாதர் கோயிலில் உண்டு. மீண்டும் சோழர் தலையெடுத்தனர். கல்வெட்டின் முதல் வரியில் அரசர் பெயர் மாறிக்கொண்டே இருந்தது. ஊர்ச் சபையும் கோயிலும் ஏரியும் தத்தம் பணியைச் செய்துகொண்டிருந்தன.

வில்லியனூரைக் கடந்து விழுப்புரம் சாலையில் சென்றால் திருபுவனை வரும். திரிபுவனமாதேவிச் சதுர்வேதிமங்கலம் என்பது சோழர் காலத்தில் அதன் பெயர். அங்குள்ள வரதராஜப் பெருமாள் கோயிலில் முதலாம் இராசாதிராசனின் முப்பதாவது ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது, ஆண்டு 1048. அங்கு நடந்த கல்விச்சாலையில் மாணவர் 260 பேர், ஆசிரியர் 12 பேர். வேதங்களோடு இலக்கணம், வேதாந்தம், இராமாயணம், பாரதம் ஆகியவையும் பாடங்கள். யாருக்கு எவ்வளவு நெல் அளப்பது என்ற கணக்குவரை கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அதனினும் நுட்பமான ஏற்பாடு ஒன்று உண்டு. கற்பிப்போரும் கற்போரும் ஊர் வாரியங்களில் பணியாற்றுவதிலிருந்து விலக்குப் பெற்றிருந்தனர். ஆசிரியரை வேறு வேலைக்கு இழுக்காதீர்கள் என்று ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஓர் ஊர் முடிவு செய்திருக்கிறது! தேர்தல் பணிக்கும் கணக்கெடுப்புக்கும் அலையும் இன்றைய ஆசிரியர்கள் இதைப் படித்தால் பெருமூச்சு விடக்கூடும்.

அந்நாளில் வேதக் கல்வி ஒரு வகுப்பாருக்கே உரியதாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இன்று கொம்யூன் தோறும் உள்ள அரசுப் பள்ளிகளில் எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பலகையில் அமர்கிறார்கள். வேதாம்பிகைக்கு இதுவே கூடுதல் மகிழ்ச்சி என்று நம்புகிறேன். புதுச்சேரியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு அளிக்கும் வழக்கம் பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலேயே, 1930-ஆம் ஆண்டில், தொடங்கிவிட்டது. மாணவருக்கு நெல் அளந்த மண்ணுக்கு அது புதிய தருமம் அன்று.

நம் காலத்துச் சோதனைக்கு வருவோம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அடுத்த சில நாள்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த பெருநீர் தென்பெண்ணையில் இறங்க, ஆற்றை ஒட்டிய சோரியாங்குப்பம், குருவிநத்தம் போன்ற பாகூர்க் கொம்யூன் சிற்றூர்களில் வெள்ளம் புகுந்தது. வில்லியனூர்ப் பக்கம் சங்கராபரணி ஆறு பெருக்கெடுத்தது. பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. பள்ளிக் கட்டடங்கள் பல, வீடிழந்தோருக்கு நிவாரண முகாம்கள் ஆயின. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்தபோதும் இப்பகுதி மக்கள் பட்ட பாட்டை நம் தலைமுறை மறந்திருக்காது.

வெள்ளம் வடிந்ததும் செய்தித்தாள்கள் வேறு செய்திக்குப் போய்விடும். ஒரு பள்ளியை மறுபடியும் பள்ளியாக்கும் வேலை அதன்பிறகுதான் தொடங்குகிறது. வகுப்பறையில் படிந்த சேற்றை மண்வெட்டியால் வாரி வெளியே கொட்ட வேண்டும். குடிநீர்த் தொட்டியை இறைத்துக் கழுவிச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். பலகைகளைத் தூக்கி வெயிலில் போட வேண்டும். அவற்றின் அடியில் பாம்பும் பூரானும் ஒளிந்திருக்கும். ஊறிப் பருத்த வருகைப் பதிவேட்டை ஏடு ஏடாகப் பிரித்து உலர்த்த வேண்டும். நனைந்த அரிசியைக் கழித்துவிட்டு, புகையும் அடுப்பில் மறுநாளே உலை வைக்க வேண்டும். இவற்றைச் செய்பவர் யார்? ஆசிரியரும், சமையல் செய்யும் அம்மாவும், இரவுக் காவலரும், துப்புரவுப் பணியாளரும், கூலி வேலைக்குப் போகாமல் அன்று பள்ளிக்கு வந்து நின்ற பெற்றோரும். அவர்களில் பலருடைய வீட்டிலும் அதே வெள்ளம்தான் புகுந்திருக்கும். தம் வீட்டுச் சேற்றை அப்படியே விட்டுவிட்டுப் பள்ளிச் சேற்றை வாரியவர்களுக்கு நாம் என்ன கைம்மாறு செய்தோம்?

வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயில் வைகாசித் தேரை இங்கே நினைவுகூரலாம். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கவர்னர் வந்து வடம் பிடிப்பது வழக்கமாயிருந்தது. இன்றும் துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் வடம் தொட்டு இழுக்கிறார்கள். ஆள்வோரும் ஊராரும் ஒரே வடத்தைப் பற்றும் அந்தக் காட்சி கண்கொள்ளாதது. ஆனால் தேரோட்டம் பார்த்துப் பழகிய பெரியவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். சக்கரத்தின் ஓரமாகக் குனிந்தபடியே ஓடி, வளைவிலும் சரிவிலும் முட்டுக்கட்டை போடும் சிலர் இருப்பார்கள். எல்லார் கண்ணும் கோகிலாம்பாளும் சுவாமியும் வரும் தேர்த்தட்டின் மேல் இருக்கும்போது, அவர்கள் கண் மட்டும் சக்கரத்தின் மேல் இருக்கும். அவர் கை ஒரு கணம் தவறினாலும் தேர் நிலைக்குப் போய்ச் சேராது. பள்ளியைக் காத்தவர்கள் அந்த வகையினர்.

நம் முன்னோர் இத்தகையோரை எப்படி நினைத்தனர் என்பதற்குக் கோயில் சுவர்களே சாட்சி. தருமம் எழுதிவைத்தவர், கல்வெட்டின் முடிவில், இந்த அறத்தைப் பின்னாளில் காப்பவருடைய திருவடி என் தலைமேல் இருக்கட்டும் என்ற பொருளில் எழுதுவது தமிழகமெங்கும் காணும் மரபு. இதைச் சற்று நின்று எண்ண வேண்டும். கொடுத்தவர் பெரிய மனிதர், நிலம் தந்தவர், பொன் தந்தவர். அவர் வணங்குவதோ, இன்னும் பிறக்காத ஒருவரின் பாதத்தை. அந்த ஒருவர் அரசராக இருக்கலாம். ஏரி மதகைப் பார்த்துக்கொள்ளும் எளியவராகவும் இருக்கலாம். கொடுப்பது ஒரு நாள் செயல். காப்பது நாள்தோறும் செய்ய வேண்டியது என்பதை அறிந்தவர்கள் வைத்த வரிசை இது. இன்றைக்கு நாம் மின்விசிறியின் இறக்கையில்கூட உபயதாரர் பெயரை எழுதுகிறோம்; அதைத் துடைத்து எண்ணெய் போடுபவரின் பெயரைக் கேட்டறிவதில்லை.

பேரன் பேத்திகளின் தேர்வு நெருங்கினால் திருவஹீந்திரபுரம் ஹயக்ரீவர் சந்நிதியிலும் முத்தியால்பேட்டை ஹயக்ரீவர் கோயிலிலும் பேனாவும் நுழைவுச்சீட்டும் வைத்து அர்ச்சனை செய்கிறோம். மிக நல்லது. அதோடு வயதில் மூத்தவர்கள் செய்யத்தக்க சிறு காரியங்கள் சில உண்டு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் மேலாண்மைக் குழு உண்டு. உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பழைய ஊர்ச் சபையின் வழித்தோன்றல் என்றே இதைக் கொள்ளலாம். உங்கள் மகனோ மருமகளோ அதில் இருந்தால், கூட்டத்துக்குப் போகத் தூண்டுங்கள். அந்த ஒரு மாலை பிள்ளைகளை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்றவர்கள் மழைக்காலத்துக்கு முன்பே தலைமையாசிரியரைச் சந்தித்து, பதிவேடுகளையும் நூல்களையும் உயரமான இடத்துக்கு மாற்ற உதவி வேண்டுமா என்று கேட்கலாம்.

வரும் விஜயதசமி அன்று குழந்தைக்கு வித்யாரம்பம் செய்விக்கக் கோயிலுக்குப் போகும்போது, உங்கள் ஊர்ப் பள்ளியில் உலை வைப்பவர், வாயில் காப்பவர், துப்புரவு செய்பவர் ஆகியோரின் பெயரையும் நட்சத்திரத்தையும் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். உங்கள் வீட்டார் பெயரோடு அவர்கள் பெயரையும் சங்கல்பத்தில் சொல்லச் சொல்லுங்கள். கோத்திரம் தெரியவில்லை என்றால் குருக்களே சிவகோத்திரம் என்று சொல்லிக்கொள்வார்.